புல்தரையில் வெறுங்கால்

அவரை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. எழுபதுகளில், காரைக்குடியில் ஓர் ஆச்சி வீட்டுப் புல்தரை. மகன் பினாங்கிலிருந்து கொண்டுவந்து மாட்டிய தண்ணீர் தெளிப்பான் சுழலாமல் நின்றுவிட்டது. அதைச் சரிசெய்ய வந்த, டிப்ளமோ படித்த நான், மோட்டாரில்தான் கோளாறு என்று மூன்று நாளாகப் பூட்ஸ் காலோடு அதைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் சாக்கோட்டையிலிருந்து ஒரு குழாய் ரிப்பேர்காரரை ஆச்சி வரவழைத்தார். என் வயதுதான் இருக்கும். ஒடிசலான உடம்பு, காதில் செருகிய பீடி. செருப்பை வாசலிலேயே விட்டு வந்தவர், மோட்டாரைப் போடச் சொல்லிவிட்டுக் காய்ந்த புல்லில் நிதானமாக நடந்தார். ஓரிடத்தில் நின்றார்.

“இங்குட்டுத் தோண்டுங்க. கால் சில்லுங்குது.”

ஒரு முழ ஆழத்தில் குழாய் விரிசல் விட்டு, தண்ணீரெல்லாம் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதை அடைத்ததும் தெளிப்பான் சுழன்றது. எனக்கு மூன்று நாளும் மோர் கொடுத்த ஆச்சி, அவருக்குக் காபி கொடுத்தார்.

“இதை எங்க படிச்சீக?” என்றேன் குத்தலாக.

“படிக்கல சார். பூட்ஸ் வாங்க வசதியில்ல, அம்புட்டுத்தான்.”

கேலியா, உண்மையா என்று இன்றுவரை தெரியவில்லை. இப்போதும் புல்தரை வேலைக்குப் போனால், யாரும் பார்க்காதபோது பூட்ஸைக் கழற்றிவிடுகிறேன்.