கல்லறைச் சந்தின் படம்

என் அண்ணனைக் கல்லறைக்குத் தூக்கிப் போனபோது வரப்பில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, நட்டு ஒரு வாரமே ஆகியிருந்த நாற்றுக்குள் இறங்கியது. எங்கள் ஊரில் பெட்டியைத் திறந்தபடியே கொண்டுபோய்க் குழியோரத்தில்தான் மூடி போடுவார்கள். அதனால் அண்ணன் முகத்தின் மேல் கிடந்த வெள்ளைத் துணியில் சேறு அடித்துவிட்டது. ஐப்பசி மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த அண்ணி முழங்கால் சேற்றில் இறங்கி வந்து, அந்தத் துணியை எடுத்துப் போட்டுவிட்டுத் தன் முந்தானையால் அவர் நெற்றியையும் காதோரத்தையும் துடைத்தார். அழவில்லை. நிமிர்ந்து, கரும்புத் தோட்டத்தின் முள்வேலியை மட்டும் பார்த்தார்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. வில்லியனூரிலிருந்து சைக்கிளில் போகும் தூரம் எங்கள் ஊர். மாதா கோவிலின் பின்வாசலிலிருந்து கல்லறை வரைக்கும் நேராக ஒரு சந்து இருந்தது. மாட்டு வண்டி போகிற அகலம். அண்ணன் சாவதற்கு நான்கு மாதம் முன்பு, அந்தச் சந்தைக் கரும்புத் தோட்டக்காரர் முள்கம்பி போட்டு அடைத்துத் தன் கரும்போடு சேர்த்துக்கொண்டார். கேட்கப்போன ஊர்ப் பெரியவர்களிடம், "எங்க பாட்டன் நெலம். போனா போவுதுன்னு நடக்க வுட்டோம். இப்ப இன்னா அதுக்கு?" என்றாராம். பெரியவர்கள் திரும்பி வந்து அவரவர் வேலையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை எனக்கு. வம்புக்குப் போகாதவன் என்று பெயர் எடுத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

அண்ணியின் அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் தபால் சுமந்தவர். அப்போது யாரோ ஒரு வெள்ளைக்காரன் இந்தப் பக்கத்துத் தெருக்களை எல்லாம் படம் எடுத்துத் தபால் அட்டையாக அச்சடித்து விற்றிருக்கிறான். விற்காமல் தங்கியதில் ஏழெட்டு அட்டைகள் அண்ணியிடம் இருந்தன. தேர் நிற்கும் தெரு, சந்தைத் திடல், ஏரிக்கரை, ஓட்டு வீடுகளுக்கு நடுவே ஒற்றை மாட்டு வண்டி. மனிதர்கள் எல்லாம் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எதற்கு நிற்கச் சொன்னார்கள் என்றே தெரியாமல் நிற்பார்கள். ஒருவர் பெயரும் அட்டையில் கிடையாது. தெருவின் பெயர் மட்டும் பிரெஞ்சில் இருக்கும். அவன் ஊரில் இருக்கும் சொந்தக்காரனுக்கு வேடிக்கை காட்ட எடுத்த படங்கள்தானே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஆனால் அதில் ஒன்று எங்கள் சந்து. மாதா கோவில் சுவர் இடப்பக்கம், பனைவரிசை வலப்பக்கம், நடுவில் சிலுவை பிடித்துப் போகும் ஒரு கூட்டம். கீழே எங்கள் ஊர்ப் பெயரும், 'கல்லறைக்குப் போகும் வழி' என்று பிரெஞ்சில் ஒரு வரியும்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாளே அண்ணி அந்த அட்டையோடு, ஊராட்சி வேலைகளைப் பார்க்கும் கொம்யூன் அலுவலகத்துக்குப் போனார். நான் துணைக்குப் போனேன். அதிகாரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படமெல்லாம் டாக்குமென்ட் ஆகாதும்மா. சர்வே நம்பர் தெரியுமா?" என்றார்.

"நம்பரு எனக்குத் தெரியாது சார். எங்க வூட்டுக்காரரு சேத்துல போனாரு. அது தெரியும்."

அவர் என்னைப் பார்த்து, அட்டையை ஃபைலில் வைத்தால் மேலே அனுப்பிப் பார்க்கலாம் என்றார். அண்ணி அட்டையைத் தன் கைக்கு இழுத்துக்கொண்டார். நான்தான் சொன்னேன்: "கவர்மென்ட் ஆபீஸ் அண்ணி. எங்க போயிடும்? குடுங்க." அண்ணி என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். "நீ சொல்றன்னு குடுக்கறேன் தம்பி" என்று மேசை மேல் வைத்தார்.

பொங்கல் கழித்துப் போனோம். அதிகாரி லீவு. அடுத்த முறை ஃபைல் வேறு அறையில். அதற்கடுத்த முறை, அப்படி ஓர் அட்டை வந்ததாகவே ஃபைலில் இல்லை என்றார்கள். வெளியே வேப்பமரத்தடியில் கரும்புத் தோட்டக்காரரின் புல்லட் நின்றுகொண்டிருந்தது. நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், "ஒரு படத்துக்கு ஒரே ஒரு அட்டையா அடிச்சிருப்பான்? எங்கப்பா கட்டுக் கட்டா சொமந்தாரே" என்றார்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் பூசை முடிந்ததும் கிளம்பிவிடுவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து வியட்நாமின் சைகோன் வரை போய் வந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். அந்தச் சொல்தா வீடுகளில் பழைய கடிதங்கள் இருக்கும் என்பது அவர் கணக்கு. அட்டைகளில் கப்பல்கள், பாலங்கள், பனி மூடிய ஏதேதோ தெருக்கள் எல்லாம் வந்தன. எங்கள் சந்து வரவில்லை. கடைசியில் பாகூர் பக்கம் ஒரு சொல்தாவின் மனைவியிடம் இருந்தது. இறந்துபோன அவள் கணவருக்குப் பூர்வீகம் எங்கள் ஊர். அவருடைய அப்பா சைகோனுக்கு அனுப்பிய அட்டை. பின்பக்கத்தில், 'மழை இல்லை. செவலைப் பசு கன்று போட்டது. அம்மாவுக்குக் கண் மங்குகிறது' என்று எழுதியிருந்தது. தபால்தலை மேல் தேதியோடு வட்ட முத்திரை தெளிவாக விழுந்திருந்தது.

அண்ணி அதைக் கேட்டு வாங்கவில்லை. "அட்டை உங்க கையிலேயே இருக்கட்டும் அக்கா. நீங்க கூட வந்தா போதும்" என்றாராம். அந்த அம்மாளும் வந்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் முப்பது பேருக்கு மேல் அலுவலக வராந்தாவில் உட்கார்ந்தார்கள். அதிகாரி எழுந்து வந்து, அந்த அம்மாள் கையில் பிடித்திருந்த அட்டையைக் குனிந்து படிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் சர்வேயர் வந்தார். அலுவலகப் பரண் மேலிருந்து பிரெஞ்சுக்காரர் காலத்து வரைபடத்தை இறக்கினார்கள். சந்து அதில் நீளமும் அகலமுமாக அப்படியே இருந்தது. அவர்கள் தலைக்கு மேலேயே அத்தனை நாளும் இருந்திருக்கிறது. ஓர் ஏணி போட்டு ஏற மனமில்லாமல் ஒரு விதவையை எட்டு மாதம் அலைய விட்டார்கள்.

வேலியைப் பிடுங்கிய அன்று சந்தின் முனையில் ரிப்பன் கட்டினார்கள். மாலை, ஒலிபெருக்கி, புகைப்படக்காரர் எல்லாம் உண்டு. மக்கள் குறை தீர்ப்பதே தன் கடமை என்று அதிகாரி பேசினார். பிறகு அண்ணியைப் படத்துக்கு நிற்கக் கூப்பிட்டார். அண்ணி அருகில் போய், எல்லோருக்கும் கேட்கும்படி, "மொதல்ல நான் குடுத்த அட்டை எங்க சார்?" என்றார்.

"பாக்கறேம்மா, தேடச் சொல்றேன்" என்றார் அதிகாரி. அண்ணி ரிப்பனைக் கையால் தூக்கி, குனிந்து உள்ளே நுழைந்து, கல்லறையை நோக்கி நடக்க ஆரம்பித்தார். பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து அவர் பின்னால் போனார்கள். கத்தரிக்கோலோடு நின்ற அதிகாரி என் தோளில் கை வைத்து, "உங்க அண்ணிக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க சார்" என்றார்.

நான் சிரித்தேன். அந்த அட்டையை அவர் மேசையில் வைக்கச் சொன்னவன் நான். அவர் கை என் தோளில் இருக்க, சொல்கிறேன் சார் என்று தலையையும் ஆட்டினேன். புகைப்படக்காரர் அதைத்தான் எடுத்தார்.