நாற்பது சதுரத் தோட்டம்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குச் சதுரக்கா என்று பெயர். வைத்தவள் நான்தான். வாயைத் திறந்தால் சதுரம்தான் வரும், வேறென்ன வைப்பது? சூரிய வெளிச்சத்தில் எவ்வளவைத் தரை திருப்பி அனுப்புகிறது என்று செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணக்கிடுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடங்களாக அதுதான். முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர் ஒரு சதுரம், சதுரத்துக்கு ஓர் எண். மரம் அடர்ந்த இடம் வெளிச்சத்தை விழுங்கிவிடும், எண் சிறியதாக இருக்கும். வெறுந்தரை என்றால் எண் ஏறிவிடும்.

எங்களுக்குத் தலைவலி மேகம்தான். மெல்லியதாக ஒரு மேகம் வந்து நின்றால் அடர்ந்த தோப்புகூட வெறுந்தரை மாதிரி வெளுத்துத் தெரியும். அதற்குச் சதுரக்கா ஒரு விதி எழுதினாள். ஒரு சதுரத்தின் எண் பழைய சராசரியைவிட ரொம்ப ஏறினால் அது மேகம். அதைத் தூக்கி எறிந்துவிட்டுச் சராசரியையே போட வேண்டியது. வரைபடங்கள் துடைத்து வைத்த மாதிரி வந்தன. மேலதிகாரி அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்.

"நெஜமாவே தரை மாறிடுச்சுன்னா என்னக்கா பண்றது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அப்படி என்னடி மாறிடப் போகுது? வேலையப் பாரு."

நானும் வேலையைப் பார்த்தேன். அதோடு விட்டுவிட்டேனே என்ற கோபம் எனக்கு என் மேல் இன்னும் போகவில்லை.

அவளைப் படிக்க வைத்தது அண்ணன். அப்பா போனதும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பழத்தோட்டத்தில் இறங்கியவர், தங்கையை மட்டும் விடாமல் படிக்க அனுப்பினார். அந்தத் தோட்டம் நாற்பது சதுரம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் முதலில் காட்டுவது அதைத்தான். "எவ்ளோ கறுப்பா இருக்கு பாருங்க. எங்கண்ணன் வளத்த மரம்." பிள்ளைகள் படிப்பு, வேலை என்று அவள் அங்கே போயே நாலு வருடம் ஆகியிருந்தது. ஞாயிறு தவறாமல் போனில் பேசுவாள். தோட்டம் எப்படி என்று மட்டும் கேட்கமாட்டாள். திரையில்தான் பார்க்கிறாளே, எதற்குக் கேட்க வேண்டும்?

போன மாதம் அண்ணன் இறந்துபோனார். ஒரு கிடங்கில் மூட்டை தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நானும் அவளோடு போனேன். "எங்கண்ணன் எதுக்குடி மூட்டை தூக்கணும்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். வீட்டுக்குப் பின்னால் தோட்டம் இல்லை. கிணறு வற்றி, மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போய், விறகாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. கண் கூசுகிற மாதிரி வெளிறிய மண்தான் கிடந்தது. அண்ணி அவளிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

திரும்பி வந்ததும் அந்த விதியை எடுத்துவிட்டு நாற்பது சதுரத்துக்கும் பழைய படங்களை மறுபடி கணக்கிட்டுப் பார்த்தோம். எண்கள் படிப்படியாக ஏறியிருந்தன. மேகமே இல்லாத நாட்களில் ஐம்பத்தொரு தடவை செயற்கைக்கோள் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறது. ஐம்பத்தொன்றையும் மேகம் என்று அவள் விதி எறிந்திருக்கிறது.

அண்ணியைக் கூப்பிட்டாள். போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி, சத்தியமா எனக்குத் தெரியாது."



"தெரியாதா? ஒரு மரம் கொறஞ்சாலும் மேலேருந்து எனக்குத் தெரியும்னு நீதானேம்மா சொல்லுவே. அவரும் அத நம்பினாரு. நான் சொல்றேங்கன்னா, 'வேணாம், அவ பாத்துட்டுதான் இருக்கா, அவளா கேக்கட்டும்'பாரு. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் போன வெச்சிட்டு, 'இன்னிக்கும் கேக்கல'ன்னுட்டு எழுந்து போயிடுவாரு."