உப்பு முன்னால் போன நாள்

போன வாரம் மல்லசமுத்திரம் சந்தையில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கக் கிடைத்த இடம் உப்பு வண்டியின் கூண்டுக்குள்தான். நனைந்த சாக்கும் கல்லுப்பும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும். உப்புக்கு வாசனையே இல்லை என்று எனக்குப் பாடம் சொன்னவர்கள் சொல்வார்கள். அவர்கள் யாரும் உப்பு வண்டியில் மழைக்கு ஒதுங்கியிருக்க மாட்டார்கள். பஞ்சு, சீயக்காய், விளக்குத் திரி, துவரை என்று வரிசை போட்டு மனத்தில் வைத்துக்கொண்டு போனவள், எல்லாவற்றையும் மறந்துவிட்டு ஒரு படி உப்பு வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு சாடி நிறைய உப்பு இருக்கிறது.

அந்த வாசனைக்கு என் ஞாபகத்தில் ஒரே ஊர்தான். அணை கட்டிக்கொண்டிருந்த காலத்து மேட்டூர்.

பிரசவம் பார்க்கும் நர்சாகப் படித்துத் தேறி, முதல் வேலைக்கு அங்கேதான் போனேன். கல் அரைக்கும் இயந்திரத்தின் இரைச்சல் ஓயாத ஊர். காலையில் துவைத்துப் போட்ட வெள்ளைச் சேலை மாலைக்குள் சிமெண்டு நிறமாகிவிடும். எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்த ஜனங்கள். கடப்பைப் பக்கத்துக் கல்வேலைக்காரர்கள், மலபாரிலிருந்து வந்த தச்சர்கள், மைசூர்ச் சீமைக்காரர்கள், நம் சேலம் ஜில்லாவில் மழை பொய்த்த ஊர்களிலிருந்து மண் சுமக்க வந்தவர்கள். அவர்களுக்குத் தகரக் கூரை போட்ட வீடுகள் வரிசை வரிசையாக இருந்தன. லைன் என்பார்கள். தெலுங்கு லைன், மலையாள லைன், நம்மூர் லைன். ஒரு லைனுக்கும் அடுத்த லைனுக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு மூங்கில் படல் கட்டியிருந்தது. எதற்கென்று கேட்டால் சண்டை வராமலிருக்க என்றார்கள். சண்டை போடுவதற்குக் கூட ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாத நாட்கள் அவை.

எதையும் வரிசைப்படுத்திப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பிள்ளை பெற்றவளுக்கு என்ன கொடுப்பீர்கள் என்று ஒவ்வொரு லைனிலும் போய்க் கேட்டேன். ஒரு லைனில் பூண்டு கட்டாயம். அடுத்த லைனில் அதைக் கண்ணில் காட்டக் கூடாது. ஓரிடத்தில் தினமும் வெந்நீர் வார்ப்பார்கள், இன்னோரிடத்தில் தலையில் தண்ணீரே படக் கூடாது. ஒன்றில் மட்டும் எல்லா லைனும் ஒரே பேச்சாக இருந்தது. முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். அதற்காக நிறைமாதக்காரிகள் ரயிலிலும் மாட்டு வண்டியிலும் குலுங்கிக் குலுங்கிப் போனார்கள். சிலர் திரும்பி வரவில்லை.

கொண்டம்மாவை என்னிடம் அழைத்து வந்தது கதீஜா அக்கா. சேலத்துக்காரர். கடைத் தெருவில் அவர் வீட்டுக்காரருக்கு வளையல் கடை. கடைத் தெருவுக்கும் தெலுங்கு லைனுக்கும் நடுவிலும் அதே படல். எந்த ஊர்ப் பெண்ணானாலும் கர்ப்பமானால் வளையல் போட அக்காவிடம்தான் கையை நீட்டுவாள்.

"ஏனுங்க நர்சம்மா, இந்தப் புள்ள கையப் பாருங்க. போன மாசம் சுளுவா ஏறுன வளையல் இப்ப முட்டியத் தாண்ட மாட்டேங்குது" என்றார்.

கொண்டம்மாவுக்குக் கை மட்டுமல்ல, கால், முகம் எல்லாம் வீங்கியிருந்தன. அவளுடைய சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து விளக்கில் காய்ச்சினேன். தெளிவாக இருக்க வேண்டியது முட்டை வெள்ளை போலத் திரண்டது. டாக்டர் பார்த்துவிட்டு மூன்று சொன்னார். படுத்தே இருக்க வேண்டும். சாப்பாட்டில் உப்பு கூடாது. பிரயாணம் அறவே கூடாது. மீறினால் வலிப்பு வரும், தாயும் பிள்ளையும் தங்க மாட்டார்கள்.

அவள் புருஷன் ஓபுளேசு கல் உடைக்கிறவன். மறுநாள் காலை ரயிலுக்கு மூட்டை கட்டி வைத்துவிட்டான். "மொதல் பிரசவம் தாய் வீடு, நர்சம்மா. இல்லேண்ட்டே ஊர்ல என்னை மனுசன்னு சொல்ல மாட்டாங்க" என்றான். ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கலாமென்றால், அணையில் அடிபட்டவர்களைக் கொண்டுவந்து போடும் கட்டில் அது. அதைப் பார்த்ததும் கொண்டம்மா அலறினாள். அவளுக்குப் பதினேழு பதினெட்டு வயதிருக்கும். "அம்ம காவாலி" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மா வேண்டும். நான் எனக்குத் தெரிந்த தெலுங்கில் சிறுநீரகம், ரத்த ஓட்டம் என்று விளக்கம் சொன்னேன். அந்த நிலைமையிலும் என் தெலுங்கைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு என் படிப்பால் விளைந்த ஒரே நன்மை அதுதான்.

அவளை லைன் வீட்டுக்கே திரும்ப அழைத்து வந்தோம். கதீஜா அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "தாய் ஊடு தான வேணும்? அது ரயிலேறித்தான் போவோணுமா? என் ஊட்டுக்கு வரட்டும். எனக்கும் பொட்டப்புள்ள இல்ல."

ஓபுளேசு தயங்கினான். என்ன தயக்கம் என்று அக்காவுக்குத் தெரியும். "அடுப்ப வெளியில போட்டுக்கலாம் சாமி. உங்க சட்டி, உங்க அரிசி, உங்க சனம் ஆக்கிப் போடட்டும். கூரை மட்டும் என்னுது."

இந்தப் பேச்சைப் படலுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் பழனியம்மா. நம்மூர் லைனில் மண் சுமக்கிறவள், குரல் சங்கு மாதிரி. "செய்யறதுன்னா மொறையோட செய்யோணும். கட்டுச்சோறு கட்டாம கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனா அது தாய் ஊடாகாது" என்றாள்.

கட்டுச்சோறு என்பது நம் பக்கத்து வழக்கம். பெண்ணைப் பெற்றவர்கள் புளிச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு என்று வகை வகையாகக் கட்டி எடுத்துக்கொண்டு போய்ச் சம்பந்தி வீட்டில் விருந்து வைத்து, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வருவார்கள். பெற்றவர்கள் இல்லாத இடத்தில் லைனுக்கு ஒரு சோறு என்று பேசி முடித்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். சந்தோஷத்தில், "எதிலும் உப்பு போடாதீர்கள்" என்றேன்.

"என்னது?" பழனியம்மா படலுக்கு மேலே தலையை நீட்டினாள். "உப்பில்லாத சோறு எழவு ஊட்டுச் சோறுங்க! அதயா புள்ளத்தாச்சிக்குக் கட்டச் சொல்றீங்க? படிச்சவிங்க பேசற பேச்சா இது?"

தெலுங்கு லைனிலும் அதே முகச்சுளிப்பு. ஓபுளேசு மூட்டையை எடுத்து வாசலில் வைத்தான். நாடே உப்புக்காகச் சிறைக்குப் போய்க்கொண்டிருந்த சமயம் அது. நானோ உப்பு வேண்டாமென்று போராடி, அதிலும் தோற்றுக்கொண்டிருந்தேன்.

கதீஜா அக்காதான் கேட்டார். "ஏம் பழனி, புது ஊடு போனா மொதல்ல எதக் கொண்டு போவீங்க?"

"உப்பும் மஞ்சளும்."

"அப்ப உப்பு முன்னால போவட்டும். ஒரு பானை நெறைய. வாயக் கட்டி மூலையில வெச்சுப்போம். புள்ள பொறந்ததும் அவுத்துக்கலாம். ஊட்டுல அத்தன உப்பு இருக்கறப்ப அது எப்படி எழவு ஊடாவும்?"

பழனியம்மா படலுக்கு மேலே இரண்டு கையையும் தூக்கிப் பானை அளவுக்கு விரித்துப் பார்த்தாள். பிறகு, "ஆரு சுமக்கறது?" என்றாள்.

"உன்ன உட்டா ஆரு?"

மறுநாள் காலையில் ரயில் ஊதிக்கொண்டு போனது. ஓபுளேசு அதில் இல்லை. மலையாள லைன் தேங்காய்ச்சோறு, தெலுங்கு லைன் புளிச்சோறு, நம்மூர் லைன் எள்ளுச்சோறு. மண்சட்டிகளை வாழை இலையால் மூடிக் கட்டிக்கொண்டிருந்தோம். நான் ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பில்லாத எள்ளுச்சோற்றைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லாமல் விடுவது மரியாதை. கட்டும்போது பழனியம்மா சன்னமான குரலில், அவளுக்கு அப்படியும் ஒரு குரல் உண்டென்று அன்றுதான் தெரிந்தது, "எம்பட அம்மா ஊடு அணை கட்டி முடிஞ்சா தண்ணிக்குள்ள போயிருமுங்க. நாளைக்கி எனக்குப் பிரசவம்னு வந்தா தாய் ஊடு எங்கன்னு நானும் தேடத்தான வேணும்" என்றாள். நான் இலையை இறுக்கிக் கட்டினேன்.

புறப்படும்போதுதான் யாரும் யோசிக்காத ஒன்று எதிரே நின்றது. படல். சாலையைச் சுற்றிப் போனால் கடைத் தெரு வெகுதூரம். கொண்டம்மாவால் அவ்வளவு நடக்க முடியாது. பழனியம்மா உப்புப் பானையை இறக்கி வைத்தாள். இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்துப் படலின் கயிற்றை அறுத்தாள்.

மேஸ்திரி ஓடி வந்தார். "ஆரக் கேட்டு அவுக்கறே?"

"உங்காத்தாளக் கேட்டுத்தான்! நெறமாசக்காரி ஊரச் சுத்திக்கிட்டா போவா? வந்ததுதான் வந்தீங்க, அந்தப் பக்கத்தப் புடிங்க!"

அவர் பிடித்தார். சிரித்துக்கொண்டே பிடித்தார் என்று பின்னால் எல்லோரிடமும் சொன்னேன். நிஜத்தில் திட்டிக்கொண்டேதான் பிடித்தார்.

உப்பு முன்னால் போனது. பின்னால் சோற்றுச் சட்டிகள். நடுவே இரண்டு தோள்களைப் பிடித்துக்கொண்டு கொண்டம்மா. ஒரு தோள் மலையாளத்துக்காரியுடையது, இன்னொன்று என்னுடையது. கதீஜா அக்கா வாசலில் ஆரத்தித் தட்டுடன் நின்றார். தட்டை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று மூன்று பாஷைகளில் வாக்குவாதம் நடந்தது. அக்கா எல்லாப் பக்கமும் சுற்றிவிட்டார்.

பிறகு நாள்தோறும் ஒரு லைன் என்று முறை வைத்துச் சமைத்தார்கள். வாசல் அடுப்பு அணையவேயில்லை. வீக்கம் மெதுவாக வடிந்தது. நான் காய்ச்சும் குழாயில் வெண்மை குறைந்துகொண்டே வந்தது. வேலை முடிந்த சங்கு ஊதிய ஒரு சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. வலிப்பு வரவில்லை. சங்கையும் மிஞ்சி அது அழுதது. கல்வேலைக்காரர்கள் கையில் அகப்பட்ட தகரத்தையெல்லாம் தட்டினார்கள். டாக்டர் போதும் என்று தலையாட்டிய நாளில் கதீஜா அக்கா பானையின் வாயை அவிழ்த்து, ஒரு கல் உப்பை எடுத்துக் கொண்டம்மாவின் நாக்கில் வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சப்பினாள். அப்படி ஒரு ருசியை நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை.

அதன் பிறகு தலைப்பிரசவத்துக்கு யாரும் ரயிலேறவில்லை. ஒவ்வொரு லைனிலும் ஒரு வீடு இன்னொரு லைனுக்குத் தாய் வீடானது. பழனியம்மாவுக்கு வாய்த்தது மலையாள லைனில். அணை முடிந்ததும் எல்லோரும் கலைந்தார்கள். சில வருஷம் கழித்துக் கொண்டம்மா இரண்டாம் பிரசவத்துக்குச் சேலத்தில் கதீஜா அக்கா வீட்டுக்கு வந்தாள். கடப்பையிலிருந்து அவளைப் பெற்ற அம்மாவே துணைக்கு வந்திருந்தாள். அந்த அம்மாவின் இடுப்பில் ஒரு உப்புப் பானை இருந்தது.

சந்தைக்குப் போய் வந்த மறுநாள், பொறுக்க முடியாமல் மேட்டூருக்கே போய்விட்டேன். தகர வீடுகளை எப்போதோ பிரித்துவிட்டார்கள். லைன்கள் இருந்த இடத்தில் புல் முளைத்திருக்கிறது, புதிதாக வந்தவர்களின் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். வளையல் கடை இல்லை, வாசல் அடுப்பு இல்லை, பழனியம்மாவின் அம்மா வீடு நீருக்கடியில் எங்கோ இருக்கிறது. ஆனால் அங்கே எல்லாவற்றுக்கும் முன்னால் காணாமல் போனது அந்த மூங்கில் படல்தான். அன்று அவிழ்த்ததை மறுபடி யாரும் கட்டவில்லை. அடுத்த வாரத்துக்குள் அதன் மூங்கிலெல்லாம் கொண்டம்மாவின் வெந்நீர் அடுப்பில் எரிந்துவிட்டது. ஊதி ஊதி எரித்தவர்களில் நானும் ஒருத்தி.