பேக்கப் ஆளுக்கு நான் போட்ட ஓட்டு

சாஃப்ட்வேர் வேலையில் பாதி புரோகிராம் எழுதுவது. மீதி, திங்கட்கிழமை காலையில் காபி மெஷின் பக்கம் நின்று அமெரிக்க ஃபுட்பால் பற்றி அபிப்பிராயம் சொல்வது. கிரீன் கார்டுக்குக் காத்திருந்தே முடி கொட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் ஓட்டு

வருடம் தொண்ணூற்றைந்து. புறநகரான கேட்டியில் வீடு, ஹூஸ்டனில் ஆபீஸ். மூன்று வருடமாக என் கிரீன் கார்டு கம்பெனியின் கையில் இருந்தது; அதனால் மேனேஜர் ரான் எதைப் பேசினாலும் நானும் பேசுவேன். அவருடைய அபிமான டீமில், பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக்குக்கு வயதாகிவிட்டது. அவரை உட்காரவைத்து பேக்கப் ஆளை இறக்கலாமா என்று ஒரே விவாதம். ஒரு ஆட்டம்கூட முழுதாகப் பார்க்காத நான், "பழையவருக்குப் பெயர் மட்டும்தான் மிச்சம், மாற்றிவிடலாம்" என்றேன். ரான் தோளில் தட்டினார்.

"உனக்கு ஆட்டம் புரிகிறது."

நூற்றுப்பத்து பக்கம்

அடுத்த மாதம், எனக்கும் ஒரு பேக்கப் வேண்டும் என்று முரளியைக் கொண்டுவந்து உட்காரவைத்தார் ரான். கோயமுத்தூர்க்காரன், அமெரிக்கா வந்து நாலு மாதம். சம்பளப் பட்டியல் போடும் புரோகிராம் முழுக்க என் மண்டையில்தான் இருந்தது. அதை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பக்கத்து சீட் அமெரிக்கர் என்றால் ஆறு மாதம் இழுத்தடித்து ஒன்றரைப் பக்கம் தருவார். நாம் ஹோம்வொர்க்கை முடித்துவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கும் ரகம். இரண்டே வாரத்தில், படமெல்லாம் போட்டு, நூற்றுப்பத்து பக்கம் கொடுத்தேன். முரளி ஒரே மூச்சில் படித்தான்.

"சூப்பருங்ணா. இதப் படிச்சா நீங்க இல்லாமயே ஓட்டிரலாங்ணா."

மூன்று முறை

ரானின் டீமில் பேக்கப் ஆள் இறங்கினார். முதல் ஆட்டத்திலேயே மூன்று முறை பந்தைத் தவறவிட்டார். எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. பழையவரைத் திரும்பக் கூப்பிடுவார்கள்தானே என்று ரானிடம் கேட்டேன்.

"புதியவன் கற்றுக்கொள்வான். பழையவன் இனி என்ன கற்றுக்கொள்ளப் போகிறான்?"

கதவு

வெள்ளிக்கிழமை ரான் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஆள்குறைப்பு. வேறு கம்பெனி கிடைத்தால் கிரீன் கார்டு வரிசையில் முதலிலிருந்து. கிடைக்காவிட்டால் குடும்பத்தோடு ஊருக்கு விமானம். என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டேன்.

"குறையே இல்லை. நீ எழுதிக் கொடுத்தது அவ்வளவு தெளிவாக இருந்தது."

பார்க்கிங்கில்

என் சாமான் பெட்டியை முரளிதான் கார் வரை தூக்கி வந்தான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது. பெட்டியை வைத்துவிட்டு, போகாமல் நின்றான்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. நூத்தி நாலாம் பக்கத்துல ஒரு டவுட்டுங்ணா."

அந்தச் சந்தேகத்தையும் காரின் பானெட்டில் பேப்பர் வைத்துத் தீர்த்துவிட்டுத்தான் கிளம்பினேன் என்றால், இரண்டு பேரில் யாரை அனுப்புவது என்று ரான் ரொம்ப நேரம் யோசித்திருக்க மாட்டார்.