காசுக்கு ஆடப்போன டிஃபெண்டர்

ரோட்டர்டாமில் கீழ்வீட்டுக் கிழவரோடு ஒரு காபி குடிக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே நாள் குறிக்க வேண்டும். அதற்கு 'அஃப்ஸ்பிராக்' என்று பெயர். குடிவந்த புதிதில், எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வாருங்கள் என்று நம்மூர் பாணியில் சொல்லிவைத்தேன். அவர் டைரியை எடுத்து, எப்போது வேண்டுமானாலும் என்றால் எந்தக் கிழமை என்று கேட்டார். எங்கள் வியாசர்பாடியில் கல்யாணத்துக்கே இவ்வளவு யோசிக்க மாட்டார்கள். ஒருவழியாக ஒரு வியாழக்கிழமை அவர் வீட்டில் காபியும் ஒரே ஒரு பிஸ்கட்டும் கிடைத்தன. டப்பாவை உடனே மூடிவிட்டார்.

அவர் பெயர் யான். வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிடு என்பார். எனக்கு நாக்கு வராது, 'மிஸ்டர் யான்' என்று சமாளிப்பேன். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவர் பேர்பெற்ற டிஃபெண்டர். வாரநாளில் துறைமுகத்தில் மூட்டைகளைச் சாய்ப்பார், ஞாயிறன்று ஃபார்வர்டுகளைச் சாய்ப்பார். அந்தக் காலத்து ஹாலந்தில் பந்தாட்டத்துக்குச் சம்பளம் வாங்குவது பாவம். வாங்கினால் நாட்டு அணியில் இடமில்லை. இவரோ பிரான்சில் ஒரு கிளப் சம்பளம் தருகிறதென்று ரயிலேறிவிட்டார். நாட்டு அணியின் ஆரஞ்சுச் சட்டை அதோடு போயிற்று. சில வருஷத்தில் இங்கேயே எல்லாருக்கும் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தார்கள். யான் திரும்பி வந்தார். அதற்குள் அவருடைய முழங்கால் ரிட்டயர் ஆகிவிட்டது. நாட்டுக்காக ஒரு மேட்ச்கூட ஆடவில்லை.

"பிரான்சில் என்னை டச்சுக்காரன் என்றார்கள். இங்கே காசுக்கு ஓடினவன் என்றார்கள்" என்றார். சொல்லிக்கொண்டே, மூடியிருந்த பிஸ்கட் டப்பாவை இன்னும் ஓங்கி அழுத்தினார். இத்தனை வருஷத்துக்குப் பிறகுமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிஸ்கட்டைக் கடித்து மறைத்துக்கொண்டேன்.

நானும் டிஃபெண்டர்தான். எண்ணூரில் வெல்டராக இருந்தபோது ஷிஃப்ட் முடிந்ததும் நேரே மைதானத்துக்குப் போவேன். பொங்கலுக்கு எங்கள் ஏரியாவுக்கும் காசிமேட்டுக்கும் மேட்ச். வெளியாளை இறக்கக்கூடாது என்பது சட்டம். ஒருமுறை அவர்கள் பெரம்பூர் மாப்பிள்ளை ஒருவனை இறக்கியபோது, கோல் போஸ்ட்டைப் பிடுங்கிப் போட்ட கூட்டத்துக்கு நான்தான் தலைமை. கப்பல் பட்டறை வேலைக்கு ரோட்டர்டாம் வந்த பிறகும், அந்த ஒரு மேட்சுக்காகவே லீவைச் சேர்த்துவைத்தேன். போன பொங்கலுக்கு நாற்பதைத் தாண்டியவர்களுக்கென்று மேட்ச் வைத்தார்கள். புது பூட்ஸோடு போய் நின்றேன். கேப்டன் சேகர் என் பள்ளிக்கூடத் தோஸ்து, ஆட்டோ ஓட்டுகிறான். பூட்ஸைப் பார்த்துவிட்டு என் தோளில் கைபோட்டான்.

"மாமு, கோச்சுக்காத. ஏரியா ஆளுங்கதான் ஆடணும். நீ வர்ஷத்துக்கு ஒருவாட்டி வந்துகினு போறவன். காசிமேட்டுக்காரன் கேட்டா நான் இன்னா சொல்றது?"

"என் வூடு இங்கதான கீது?"

"வூடு கீது. நீ இல்லியே."

அவன் பொய் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த வியாழக்கிழமைச் சிரிப்புக்காக யானிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

சேகருக்கும் மனசு கேட்கவில்லை. ரெஃப்ரியாக நில்லு என்று விசிலைக் கொடுத்தான். இரண்டு பக்கமும் சம்மதித்தார்கள். எந்தப் பக்கத்தையும் சேராத ஆள் அங்கே நான் ஒருவன்தானாம். முதல் பாதிக்குள்ளேயே இரண்டு அணிகளும் என் பரம்பரையை விசாரித்து முடித்துவிட்டன. அந்தத் திட்டுகளைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. காது குளிர்ந்துபோனது.

ஆட்டம் முடியும் நேரம். காசிமேட்டு ஃபார்வர்ட் ஒருவன் தொப்பையைத் தூக்கிக்கொண்டு பந்தோடு தனியாக ஓடிவந்தான். எங்கள் பின்வரிசை மூச்சுவாங்கி நின்றுவிட்டது. அவனுக்கும் எங்கள் கோல்கீப்பருக்கும் நடுவில் நான் மட்டும். பந்து அவன் காலைவிட்டு நழுவி நேரே என்னிடம் உருண்டுவந்தது. வெளியே தட்டிவிட என் வலது கால் தானாகவே எழுந்தது. காலை இழுத்துக்கொண்டு விலகி, அவனுக்கு வழிவிட்டேன். பிறகு விசிலை வாயில் வைத்து, எங்கள் மேல் விழுந்த கோலுக்கு நானே ஊதினேன்.