காதுகுத்தில் கேட்ட கிடார்

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது நான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்பு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடகர் குழுவுக்கு கிடார் வாசிப்பேன். ராணுவத்துக்குப் போன அண்ணன் வீட்டில் விட்டுச் சென்ற கிடார் அது.

அந்த வருடம் ஒரு சினிமாப் பாட்டு எங்கள் பக்கத்தைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. டீக்கடை, பஸ், கல்யாண வீடு, எங்கே போனாலும் அதுதான். இரண்டு சரணங்களுக்கு நடுவில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் அடங்கிவிடும். கிடார் மட்டும் தனியாக ஒரு ஓட்டம் ஓடும். என்ன நடந்தது என்று யோசிப்பதற்குள் முடிந்துவிடும். எனக்குப் பாட்டில் வேறெதுவுமே வேண்டாம், அந்த ஓட்டம் போதும். அதை எப்படியாவது என் விரலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஒரே வெறி.

சித்தப்பாவின் டேப் ரெக்கார்டரை ரேடியோ பக்கத்தில் வைத்துப் பாட்டைப் பதிவு செய்தேன். சரியாக கிடார் ஓடும் நேரத்தில் அம்மாவின் குக்கர் விசில் அடித்தது. அடுத்த முறை அந்தப் பாட்டு வரும்வரை ரேடியோவுக்குக் காவல் இருந்தேன். பிறகு ரீவைண்ட், ப்ளே, ரீவைண்ட், ப்ளே. ஒரு ஸ்வரத்தைக் கேட்டு, வாயால் பாடிப் பார்த்து, கம்பியில் தேடிப் பிடித்து, அடுத்ததற்குப் போவேன். முதல் பாதி வந்துவிட்டது. பின்பாதி வரவே இல்லை. ஸ்வரங்கள் கொட்டிய மணிகள் மாதிரி நாலாபக்கமும் சிதறி ஓடின. குத்துமதிப்பாக எதையோ வாசித்தாலும் வேகத்தைக் கூட்டினால் விரல்கள் ஒன்றில் ஒன்று சிக்கிக்கொள்ளும். என் கைக்குத்தான் அவ்வளவு திறமை இல்லை என்று முடிவே செய்துவிட்டேன்.

இதற்கு நடுவே எங்கள் ஊர் இன்னிசைக் குழுவின் கிடார்காரர் துபாய்க்குப் போய்விட்டார். வாலாஜாபாத்தில் ஒரு திருவிழாக் கச்சேரிக்கு ஒப்புக்கொண்டிருந்த குழுத் தலைவர், அந்தப் பாட்டின் கிடாரைச் சுத்தமாக வாசித்துக் காட்டினால் என்னை மேடை ஏற்றுவதாகச் சொன்னார். சொல்லும்போதே சிரித்தார். பிறகுதான் தெரிந்தது, அதே வார்த்தையை அவர் இன்னொரு பெண்ணிடமும் சொல்லியிருக்கிறார். அவள் பக்கத்து சபையின் போதகர் மகள். கிறிஸ்துமஸ் சமயத்தில் இரண்டு கோயில் குழுக்களும் சேர்ந்து பாடும்போது பார்த்திருக்கிறேன். நான் அவள் விரல்களைப் பார்ப்பேன், அவள் என் விரல்களைப் பார்ப்பாள். ஒரு வார்த்தை பேசியதில்லை.

எங்கள் தெருவில் மைக் செட் வைத்திருந்த அண்ணனிடம் அந்தப் படத்தின் இசைத்தட்டு இருந்தது. அவருடைய ரெக்கார்டு பெட்டியில் வேகத்தை மாற்ற ஒரு குமிழ் உண்டு. அதில் யாருமே தொடாத மிகக் குறைந்த வேகம் ஒன்று இருந்தது. அதில் வைத்தால் பாட்டு பாதி வேகத்தில் ஓடும், ஸ்வரங்கள் மாறாது, ஒரு ஸ்தாயி கீழே இறங்கிக் கேட்கும். வேறொரு தட்டைப் போட்டு அதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் அந்த மாதம் முழுக்க முகூர்த்தம், இசைத்தட்டு வீட்டிலேயே தங்கவில்லை. ஒரகடம் பக்கத்தில் ஒரு காதுகுத்து வீட்டுக்கு வரச் சொன்னார் அண்ணன். பந்தி நடக்கும்போது மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, கீழே இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் மட்டும் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு.

போனேன். ஆசாரி வரத் தாமதமானதால் பந்தி முடியப்போகும் நேரத்தில்தான் காதுகுத்து ஆரம்பித்தது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து வீலென்று கத்தியது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியதில் ஆசாரியால் ஊசியைப் பக்கத்தில் கொண்டுபோக முடியவில்லை. எல்லோர் கவனமும் அங்கே இருந்ததால், இதுதான் சமயம் என்று அண்ணன் ஒரு வயரைப் பிடுங்கிவிட்டுக் குமிழைத் திருப்பி, முள்ளை வைத்தார்.

பிடுங்கியது சின்ன ஸ்பீக்கரின் வயர்.

புளியமரத்து உச்சியிலிருந்து ஊர் முழுக்கக் கேட்டது. பாடகியின் குரல் தடித்த ஆண் குரலாகி, தூக்கத்தில் முனகுவது போல வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்கள். அண்ணன் பதறிப்போய் முள்ளைத் தூக்கப் போனார். அதற்குள் கிடார் ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, நிதானமாக, கையால் எடுத்துக்கொள்ளலாம் போல வந்தது. என்னையும் அறியாமல் அண்ணனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிட்டேன்.

கிடார் முடிந்த பிறகுதான் எனக்கு நிலைமை உறைத்தது. நல்ல காரியம் நடக்கும் வீட்டில் இப்படி ஒரு சத்தம். தாய்மாமன் எங்களையே பார்த்தார். அடிதான் விழப்போகிறது என்று நினைத்தேன். அப்போதுதான் கவனித்தேன், குழந்தை அழவில்லை. வாயைப் பிளந்துகொண்டு மரத்தைப் பார்த்தபடி இருந்தது. ஒரு காதில் தோடு ஏறியிருந்தது.

"யோவ் மைக் செட்டு, இன்னொரு காது பாக்கி கீது," என்றார் தாய்மாமன். "அதையே இன்னொரு தபா போடு."

அண்ணன் முள்ளைத் திரும்பவும் வைப்பதற்குள் ஒரு பெண் ரோட்டிலிருந்து பந்தலுக்குள் ஓடிவந்தாள். அதே போதகர் மகள். படப்பையில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போக எதிரே பஸ்ஸுக்காக நின்றிருக்கிறாள். குழாயில் கேட்டதும் இது என்ன என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. முன்பின் தெரியாத வீடு என்றுகூடப் பார்க்கவில்லை. மூச்சிரைக்க என் பக்கத்தில் வந்து நின்று, நானும் கேட்கலாமா என்று கேட்டாள். நான் நகர்ந்து இடம் கொடுத்தேன்.

இரண்டாவது காதுக்குக் குழந்தை ஏமாறவில்லை, ஊரைக் கூட்டியது. குழாய் அதையும் மீறி முழங்கியது. நாங்கள் ரெக்கார்டு பெட்டிக்கு இரண்டு பக்கமும் குந்திக்கொண்டோம். அவள் தன் கைப்பையின் மேல் விரல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள், நான் என் முழங்காலில். ஒரே இடத்தில் இரண்டு பேருடைய விரல்களும் நின்றன. மேல் ஸ்தாயியில் ஒரு ஸ்வரம் இன்னும் அடங்காமல் நீண்டுகொண்டிருக்க, விரல் எட்டாத தூரத்தில் கீழ் ஸ்தாயியில் இன்னொன்று கிளம்பியது. அப்புறம் இரண்டும் ஒரே தட்டில் சேர்ந்து விழுந்தன.

"இது ஒரு கை இல்லீங்க டீச்சர்," என்றாள். "ரெண்டு பேரு வாசிச்சிக்கினு கீறாங்க."

நான் சொல்ல வாயெடுத்ததும் அதையேதான். அவளும் மாதக்கணக்கில் இதே இடத்தில் விழுந்து விழுந்து எழுந்திருக்கிறாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் குழந்தையின் அம்மா வந்து என்ன விஷயம் என்று விசாரித்தார். சொன்னது பாதிதான் புரிந்திருக்கும். இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார். சாம்பார் சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே, எந்த ஸ்வரம் யாருக்கு என்று பிரித்துக்கொண்டோம். அவள் இரண்டு பஸ்ஸை விட்டாள்.

அடுத்து வந்த சனிக்கிழமைகளில் என் பள்ளிக்கூட வகுப்பறையில் சேர்ந்து வாசித்தோம். முதன்முதலில் அந்த ஓட்டம் முழுதாக, தடுக்காமல் ஓடி முடிந்தபோது, இருவரும் குட்டிப் பெஞ்சின் மேல் ஏறி நின்று கத்தினோம். குழுத் தலைவர் முன்னால் வாசித்தபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மேடையில் ஒருவருக்குத்தான் இடம், யார் வருகிறீர்கள் என்று கேட்டார்.

"ரெண்டு பேரும் வரோம் சார். இல்லாங்காட்டி ரெண்டு பேரும் வரல," என்றாள் அவள். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

வாலாஜாபாத் மேடையில் டிரம்ஸ்காரர் உற்சாகத்தில் இசைத்தட்டைவிட வேகமாகப் போய்விட்டார். கிடார் வார் புடவைக் கொசுவத்தில் மாட்டிக்கொண்டு வேறு இழுத்தது. அந்த இடம் வந்ததும் அவள் பக்கம் பார்த்தேன். அவள் ஆரம்பித்தாள், நான் குறுக்கே புகுந்தேன், அவள் விட்ட நூலை நான் பிடித்தேன், நான் விட்டதை அவள் பிடித்தாள், கடைசி ஸ்வரத்தில் இருவரும் ஒன்றாக இறங்கினோம். எதிரே ஒரே விசில். பாட்டை மேலே பாடவே விடவில்லை, அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கூட்டம் அடம்பிடித்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ மேடை ஏறினோம். இன்றைக்கும் ஏதாவது ஒரு வேலை எவ்வளவு முயன்றும் கைக்கு வராமல் போனால், நான் முதலில் என் கையைக் குறை சொல்வதில்லை. இது ஒரு ஆள் செய்கிற காரியம்தானா என்று பார்த்துவிட்டு, கூச்சமில்லாமல் அக்கம்பக்கம் ஆள் தேடுகிறேன்.