நூல் பிடித்து நட்ட முந்திரி

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. எழுபது தாண்டியும் வரவில்லை. கை கழுவுவதற்குள் அடுத்த வேலைக்குக் கிளம்பிவிடுகிற ஆள் என்று என் மனைவி சொல்வாள். பொய்யில்லை.

முதலில் கொத்தனார், பிறகு மேஸ்திரி. அரியலூரிலும் பெரம்பலூரிலும் ஏகப்பட்ட வீடுகள் கட்டியிருக்கிறேன். சுவர் கோணினால் கலவை இறுகுவதற்குள் இடித்துவிடுவேன். யாரையும் கேட்க மாட்டேன். வீட்டுக்காரர் கத்துவார், கத்தட்டும். கட்டடத்துக்கு அந்த அவசரம் சரி. அதையே கொல்லை விவசாயத்துக்கும் கொண்டுபோனேன். அங்கேதான் வம்பு.

எங்கள் குடும்பம் அடுத்தவர் கொல்லையில் கூலி வேலை பார்த்த குடும்பம். மீன்சுருட்டிப் பக்கம் மூன்று ஏக்கர் செம்மண் வாங்கியபோது எனக்கு முப்பது சொச்சம், தலைகால் புரியவில்லை. முந்திரி நடுவது என்று முடிவு. எத்தனை அடிக்கு ஒரு கன்று என்று அப்பாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அதற்கு ஏது பொறுமை? நூல் கட்டி, மூலைமட்டம் பிடித்து, தூணுக்கு எடுப்பதுபோலப் பத்தடிக்கு ஒரு குழி எடுத்தேன். பக்கத்துக் கொல்லைக்காரர் வேலியோரம் நின்று, "என்ன மேஸ்திரி, எப்ப தளம் போடப் போறீங்க?" என்றார். சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் மாற்றவில்லை.

நட்டதோடு என் வேலை முடிந்தது, டவுனுக்குத் திரும்பிவிட்டேன். முதல் இரண்டு கோடைக்கும் குடம் குடமாய்த் தண்ணீர் சுமந்து ஊற்றியவள் என் மனைவிதான்.

மரங்கள் வளர்ந்து கிளையோடு கிளை பின்னிக்கொண்டன. உள்ளே வெயில் இறங்கவில்லை, ஓரத்து மரங்களில்தான் பூ. விவசாய ஆபீசிலிருந்து வந்தவர் பார்த்துவிட்டுப் பாதி மரங்களை எடுத்துவிடச் சொன்னார். எனக்கு அன்று சாயங்காலமே வெட்ட வேண்டும். அவள், "செந்துறைக்குப் போயிட்டு ரெண்டு நாள்ல வந்துடறேன். எது எதை எடுக்கலாம்னு எனக்குத் தெரியும், இருங்க" என்றாள். அங்கே அவள் தங்கை வீட்டில் விசேஷம்.

அந்த இரண்டு நாள் எனக்குத் தாங்கவில்லை. மறுநாளே ஆட்களைக் கூட்டிவந்து, வரிசையாக எண்ணி, ஒன்று விட்டு ஒன்று சாய்த்துவிட்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியவள் நேராகக் கொல்லைக்குத்தான் வந்தாள். ஒவ்வொரு அடிமரமாகப் பார்த்துக்கொண்டே போனாள். "நல்லாக் காய்க்கிறதெல்லாம் போச்சு. சொத்தை மரம் நிக்குது. ரெண்டு நாள் பொறுக்க முடியலையா உங்களுக்கு?" என்றாள். அதன் பிறகு அவள் அந்தக் கொல்லையில் கால் வைக்கவில்லை.

மிச்ச மரங்கள் வெயில் கண்டு படர்ந்தன, காய்த்தன. அந்த வருமானத்தில் ஜெயங்கொண்டம் ரோட்டில் முந்திரி உடைக்கும் ஷெட் போட்டேன். இன்று சுற்றுப்பட்ட ஊர்ப் பெண்கள் அங்கே வேலை செய்கிறார்கள், என்னை முதலாளி என்கிறார்கள். எல்லாம் நான் ஒண்டியாகப் பட்ட பாடு என்று வருகிறவர்களிடம் அளப்பேன். அவள் காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தீர்த்திருப்பேன்.

இப்போது மரங்களுக்கு வயதாகிவிட்டது, காய்ப்பு குறைந்துவிட்டது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒட்டுக்கன்று வைக்க வேண்டும். அது காய்க்க மூன்று நான்கு வருஷம் ஆகும். மழையோடு நட்டால்தான் கன்று பிடிக்கும். என் வயதுக்கு ஒரு மழையைக்கூட வீணாக்க முடியாது. இருந்தும் இந்தத் தடவை அவளைக் கேட்பது என்று முடிவெடுத்தேன். இரண்டு நாள் வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போயிற்று. மூன்றாம் நாள், கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் கேட்டுவிட்டேன்.

"பழைய மரத்தையெல்லாம் எடுத்துட்டு ஒட்டுக்கன்னு வைக்கலாம்னு பாக்குறேன். நீ என்ன சொல்ற?"

அவள் கை நின்றது. "கல்யாணமாகி இத்தனை வருசத்துல இப்பதான் என்னை ஒண்ணு கேட்டிருக்கீங்க. யோசிக்க வேணாமா? இருங்க" என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாளிலிருந்து காலையில் அவள் கொல்லைக்குப் போகத் தொடங்கினாள். நானும் வரேன் என்றால், வேண்டாம் என்கிறாள். நான் வீட்டுக்கும் வாசலுக்கும் நடக்கிறேன், கேட்டைத் திறக்கிறேன், மூடுகிறேன். ஒரு மாதமாகிறது. வானம் கருக்கிறபோதெல்லாம் வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிறேன்.

நேற்று விருத்தாசலத்து நர்சரிக்காரர் போன் செய்தார். கன்று எடுத்து வைக்கட்டுமா, உடனே சொன்னால்தான் உண்டு என்றார். 'வைங்க' என்று சொல்ல நாக்குத் துடித்தது. விழுங்கிக்கொண்டு, "வூட்டுல கேட்டுதாங்க சொல்லணும்" என்றேன். "நீங்களா மேஸ்திரி?" என்று அவர் சிரித்தே விட்டார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கதவோரம் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னும் நாலு வரிசை பாக்க வேண்டியிருக்கு" என்றாள். "இத்தனை வருசமா பாக்காத மரங்க. அவசரப்பட்டா எப்படி?"

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் பின்னால் போகவில்லை.